பெயர் கேட்காத வரிசைகள்: எக்ஸ்டிஎஸ் தொகுப்புக்கு ஒரு மதிப்புரை

புள்ளியியல் வேலைக்கான ஆர் நிரல் மொழியில் காலத்தொடர் தரவுக்கென்று, அதாவது நேரப்படி பதிவான அளவுகளுக்கென்று, ஒரே ஒரு தொகுப்பைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால், யோசிக்காமல் எக்ஸ்டிஎஸ்ஸை எடுத்துக்கொள்வேன். இதைப் பற்றி எழுத நினைத்ததற்குக் காரணம், பலர் இதில் குறையாகச் சொல்லும் ஒன்றுதான் என் கண்ணுக்கு இதன் பெரிய நிறைவாகப் படுகிறது. அட்டவணையின் கிடைவரிசைகளுக்குப் பெயர் வைக்க இது அனுமதிப்பதில்லை. உண்மையான குறை வேறிடத்தில், பத்திகளின், அதாவது மேலிருந்து கீழாகச் செல்லும் நெடுவரிசைகளின், பெயர்களில் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

என் வேலை ஆற்று நீர்மட்டக் கருவிகள் அனுப்பும் அளவுகளைத் திரட்டி, சரிபார்த்து, அடுத்தவர்களுக்குக் கொடுப்பது. ஒரு கருவி 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஓர் அளவை அனுப்பினால் ஆண்டுக்கு 35,040 வரிசைகள். அப்படிப் பல கருவிகளை அருகருகே வைத்துப் பார்க்கும்போது, எந்த வரிசை எந்த நேரத்துக்கு உரியது, எந்தப் பத்தி எந்தக் கருவியுடையது என்ற இரண்டு கேள்விகளுக்கும் எந்த நொடியிலும் சந்தேகமின்றிப் பதில் கிடைக்க வேண்டும். அந்தப் பதிலை எவ்வளவு நேர்மையாகத் தருகிறது என்பதை வைத்துத்தான் ஒரு தொகுப்பை நான் எடைபோடுகிறேன்.

எக்ஸ்டிஎஸ்ஸை உருவாக்கியவர்கள் ஜெஃப்ரி ரயனும் ஜோஷுவா உல்ரிச்சும். ஆக்கிம் சைலைஸும் கேபர் குரோத்தண்டீக்கும் எழுதிய ஜூ என்ற தொகுப்பின் மேல் கட்டப்பட்டது இது. இலவசம், மூல நிரல் திறந்திருக்கிறது. உள்ளே இருப்பது எளிமையான அமைப்பு: எண்களை வரிசையும் பத்தியுமாக அடுக்கிய ஓர் அணி (மேட்ரிக்ஸ்), அதனுடன் இண்டெக்ஸ் என்ற நேரப் பட்டியல். அந்தப் பட்டியல் 1970 ஜனவரி 1 தொடங்கி, உலகப் பொது நேரப்படி எத்தனை நொடிகள் கடந்தன என்ற எண்களாகச் சேமிக்கப்படுகிறது. திரையில் இடது ஓரத்தில் தேதிகள் வரிசையாகத் தெரியும். பார்ப்பதற்கு அவை வரிசைப் பெயர்கள் போலவே இருக்கும். ஆனால் பெயர்கள் அல்ல. அந்த எண்களைத் தொகுப்பு நமக்காகத் தேதியாக எழுதிக் காட்டுகிறது.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வெளியே எங்கும் போக வேண்டாம். தொகுப்புடனேயே வரும் சாம்பிள் மேட்ரிக்ஸ் என்ற மாதிரித் தரவைத் திறந்து பாருங்கள். 180 வரிசைகள், 2007 ஜனவரி 2 முதல் ஜூன் 30 வரை, ஒரு நாள் விடாமல். நான்கு பத்திகள்: ஓபன், ஹை, லோ, குளோஸ், அதாவது நாளின் தொடக்க, உச்ச, தாழ்ந்த, முடிவு விலைகள். இது சாதாரண அணி. தேதிகள் இதில் உண்மையாகவே வரிசைப் பெயர்கள், அதாவது வெறும் எழுத்துகள். இதனிடம் '2007-03' என்ற வரிசையைக் கேட்டால், அப்படி ஒன்று இல்லை என்று பிழைச்செய்தி வரும். அதன் கணக்கில் '2007-03-01' ஒரு சொல், '2007-03-02' இன்னொரு சொல். இரண்டும் ஒரே மாதத்தைச் சேர்ந்தவை என்பது அதற்குத் தெரியாது.

அதே அணியை ஆஸ்.எக்ஸ்டிஎஸ் என்ற செயற்கூறு (ஃபங்ஷன்) வழியாக அனுப்புங்கள். வரிசைப் பெயர்களாக இருந்த தேதிகளை அது படித்து, நேரமாக மாற்றி, இண்டெக்ஸில் வைத்துக்கொள்கிறது. எழுத்துப் பெயர்கள் போய்விடுகின்றன. இப்போது '2007-03' என்று கேட்டால் மார்ச் மாதத்தின் 31 வரிசைகளும் வந்து நிற்கும். '2007-03-15/' என்றால் அந்த நாளிலிருந்து கடைசி வரை. '/2007-02' என்றால் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி முடிய. நிமிடக் கணக்கில் தரவு இருந்தால், ஒவ்வொரு நாளின் காலை 9 முதல் 10 மணி வரையிலான பகுதியை மட்டும் 'டி' என்ற எழுத்துடன் தொடங்கும் சிறு குறிப்பால் பிரித்தெடுக்கலாம். நாள் முழுக்கத் தரவுடன் புழங்குகிறவருக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பதைச் சொல்லி விளக்க முடியாது. ஒரு வாரம் பயன்படுத்திவிட்டு இது இல்லாத இடத்துக்குப் போனால்தான் தெரியும்.

இப்போது, அந்தத் தொடருக்கு, வரிசைப் பெயர் வைக்கும் ரோநேம்ஸ் மூலம் 1 முதல் 180 வரை பெயர் வைத்துப் பாருங்கள். எதுவும் நடக்காது. பிழைச்செய்தி இல்லை, எச்சரிக்கை இல்லை, பெயரும் ஏறியிருக்காது. நாம் சொன்னதைத் தொகுப்பு ஓசையின்றி ஒதுக்கிவிடுகிறது. காரணத்தை உதவிப்பக்கம் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது: நேரம் ஏற்கெனவே இண்டெக்ஸில் இருக்கும்போது வரிசைப் பெயர் தேவையில்லாத இரட்டிப்பு, நினைவகத்துக்கும் நகலெடுக்கும் வேலைக்கும் சுமை. அந்தச் சுமை கற்பனையானதல்ல. ஒரு நேரத்தை எண்ணாக வைக்க 8 பைட் போதும். அதையே ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி என்று எழுதினால் 19 குறிகள். கருவிகளும் ஆண்டுகளும் பெருகும்போது, ஒவ்வொரு கணக்கீட்டிலும் அந்த எழுத்துக் கூட்டத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு திரிய வேண்டியிருக்கும்.

நினைவகம்கூட எனக்கு இரண்டாம்பட்சம்தான். எழுத்தாக எழுதிய நேரம் தன் அடையாளத்தைப் பாதி இழந்துவிடுகிறது. கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளி, பிறகு பின்னே இழுக்கும் நாடுகளின் தரவைப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கடிகாரத்தைப் பின்னே இழுக்கும் அந்த இரவில், அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ என்றால், அதிகாலை 1:30 மணி இரண்டு முறை வரும். முதல் 1:30க்கு ஆற்றில் ஓர் அளவு, ஒரு மணி நேரம் கழித்து வரும் இரண்டாவது 1:30க்கு வேறோர் அளவு. வரிசைப் பெயராக எழுதினால் இரண்டும் ஒரே சொல். ஆரின் அட்டவணை வடிவமான டேட்டா ஃபிரேமோ ஒரே வரிசைப் பெயர் இருமுறை வருவதை ஏற்காது. பிழை காட்டி நின்றுவிடும். அணி அதை ஏற்கும். ஆனால் பெயரைச் சொல்லிக் கேட்டால் முதலாவதை மட்டும் எடுத்துத் தந்துவிட்டு இரண்டாவதைப் பற்றி வாய் திறக்காது. எக்ஸ்டிஎஸ்ஸின் இண்டெக்ஸில் இவை இரண்டுக்கும் இடையே 3,600 நொடிகள் இருக்கின்றன. அளவுகள் தத்தம் இடத்தில் பத்திரமாக இருக்கின்றன. வெள்ளம் ஏறும் இரவாக இருந்தால் அந்த ஒரு மணி நேரம்தான் எல்லாம்.

ஒரே நொடியில் இரண்டு பதிவுகள் வந்தாலும் எக்ஸ்டிஎஸ் மறுப்பதில்லை. இண்டெக்ஸ் ஏறுவரிசையில் இருந்தால் போதும்; ஒரே நேரம் திரும்ப வரலாம். தனித்தனியாக வேண்டுமென்றால் அவற்றை மிகச் சிறிய இடைவெளியில் நகர்த்திக் கொடுக்கவும் ஒரு செயற்கூறு வைத்திருக்கிறார்கள். கலைந்த வரிசையில் தரவைக் கொடுத்தாலும் உருவாக்கும்போதே நேரப்படி அடுக்கிவிடுகிறது. எழுத்துப் பெயர்களை அடுக்கினால் 10ஆம் தேதி 9ஆம் தேதிக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும் தொல்லையெல்லாம் இங்கே கிடையாது.

திரையில் தேதி வேறு வடிவத்தில் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் சிலர் வரிசைப் பெயர் கேட்கிறார்கள். அதற்கு டிஃபார்மட் என்ற அமைப்பு இருக்கிறது. நாள் முதலில், மாதம் பிறகு என்று எப்படி வேண்டுமானாலும் காட்டச் சொல்லலாம். உள்ளே இருக்கும் நேரம் அசையாது. தோற்றத்தையும் தரவையும் இப்படிப் பிரித்து வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஆனாலும் அந்த மௌனத்தை நான் ஏற்கவில்லை. பெயர் வைக்கக் கூடாது என்பது சரியான முடிவு. வைக்க முயன்றவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் இருப்பது சரியல்ல. உதவிப்பக்கத்தில் இதுவே உங்களுக்கான எச்சரிக்கை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். உதவிப்பக்கத்தைப் படித்த பிறகா மக்கள் ரோநேம்ஸ் எழுதுகிறார்கள்? புதிதாக வந்தவர் பெயர் ஏறிவிட்டது என்று நம்பி அடுத்த பத்து வரி நிரலை எழுதிவிடுவார். ஒரு வரி எச்சரிக்கை காட்டினால் யாருக்கும் நட்டமில்லை. என்னிடம் வேலை கற்க வருகிறவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான்: தேதி வேண்டுமா, இண்டெக்ஸ் என்ற செயற்கூற்றைக் கேள், எண்கள் மட்டும் வேண்டுமா, கோர்டேட்டாவைக் கேள், ரோநேம்ஸ் பக்கம் போகாதே.

மற்றவற்றோடு ஒப்பிட்டால்தான் இதன் அருமை விளங்கும் என்பதால் சுருக்கமாக. ஆர் மொழியுடனேயே வரும் டிஎஸ் வகையில் நேரம் மூன்றே எண்களாகச் சேமிக்கப்படுகிறது: தொடக்கம், முடிவு, ஆண்டுக்கு எத்தனை முறை என்ற கணக்கு. விமானப் பயணிகள் பற்றிய புகழ்பெற்ற மாதிரித் தரவை, 1949 முதல் 1960 வரையிலான அந்த 144 மாத அளவுகளை, அச்சிட்டுப் பாருங்கள். ஆண்டுகள் இடப்பக்கம், மாதங்கள் மேலே என்று அழகான கட்டங்கள் வரும். ஜனவரிப் பத்தியைக் கொடு என்று கேட்டால் கிடைக்காது. அந்த மாதப் பெயர்கள் அச்சிடும்போது போடப்பட்ட அலங்காரம். உள்ளே இருப்பது ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த எண்களின் ஒற்றைச் சரம். சீரான இடைவெளியில் வரும் மாதாந்திர, காலாண்டுத் தரவுக்கு டிஎஸ் போதும். கருவிகள் இடையிடையே உறங்கிப்போகும் என் தரவுக்கு உதவாது.

ஜூ எதையும் இண்டெக்ஸாக ஏற்கும். தேதி, மாதம், வெறும் எண் எதுவானாலும் சரி. அந்தத் தாராளம் பாராட்டத்தக்கது. ஆனால் பல பத்திகள் உள்ள தொடரிலிருந்து ஒரே ஒரு பத்தியை எண்ணைச் சொல்லி எடுத்தால், அது அணி வடிவத்தை விட்டு வெறும் சரமாகிவிடும். பத்தியின் பெயரும் கூடவே போய்விடும். பெயரைக் காப்பாற்ற ஒவ்வொரு முறையும், வடிவத்தைச் சுருக்கும் டிராப் என்ற தெரிவு வேண்டாம் என்று சொல்ல வேண்டும். எக்ஸ்டிஎஸ் இதைத் தலைகீழாக்கியது. ஒரு பத்தியை மட்டும் எடுத்தாலும் அது அணியாகவே இருக்கும், பெயரும் கூடவே இருக்கும். சிறிய மாற்றம்தான். ஆனால் எந்தக் கருவியின் அளவு என்று தெரியாத அநாதைச் சரங்கள் என் கோப்புகளில் உருவாவதே இல்லை.

இனி பத்திப் பெயர்களுக்கு வருகிறேன். வரிசைகளிடம் அவ்வளவு கண்டிப்பாக நடந்துகொண்ட தொகுப்பு, பத்திகளிடம் கொஞ்சம் அசிரத்தையாக இருக்கிறது.

அதே சாம்பிள் மேட்ரிக்ஸை எடுத்துக்கொள்வோம். முதல் நாளின் ஹை 50.11778, லோ 49.95041. ஹையிலிருந்து லோவைக் கழித்தால் அன்றைய ஏற்ற இறக்கம் 0.16737 என்று சரியாக வருகிறது. விடை வந்த பத்தியின் பெயரைப் பாருங்கள்: ஹை. கழித்தலில் முதலில் நின்ற தொடரின் பெயரை அப்படியே விடைக்கும் சூட்டிவிடுகிறது. இந்த விடையை மற்றவற்றோடு சேர்த்து ஒரு கோப்பாக அனுப்பினால், வாங்குகிறவர் 0.16737ஐ அன்றைய உச்ச விலை என்றே படிப்பார். என் துறையில் இதுவே மேல்கருவியின் மட்டத்திலிருந்து கீழ்க்கருவியின் மட்டத்தைக் கழித்த சரிவு. அது மேல்கருவியின் பெயரிலேயே உலவினால் விளைவு என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. கணக்குப் போட்ட அதே வரியிலேயே கோல்நேம்ஸ் மூலம் புதுப் பெயரைச் சூட்டிவிடுவது என் வழக்கம். தொகுப்பே அந்த இடத்தைப் பெயரின்றி விட்டிருந்தால் இன்னும் நல்லது. பொய்ப் பெயரைவிட வெற்றிடம் எவ்வளவோ மேல்.

இரண்டு தொடர்களைக் கழிக்கும்போதோ கூட்டும்போதோ இரண்டிலும் பொதுவாக உள்ள நேரங்கள் மட்டுமே விடையில் தங்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தொடர்களை அருகருகே சேர்க்கும் மெர்ஜ் அப்படியல்ல, எல்லா நேரங்களையும் வைத்துக்கொண்டு, அளவில்லாத இடத்தை இல்லை என்ற குறியால் நிரப்பும். இரண்டுமே பொருத்தமான தேர்வுகள்தான். தெரிந்து பயன்படுத்தினால் போதும்.

மெர்ஜ் செய்யும்போது பெயர்கள் என்ன ஆகின்றன என்பது தனிக் கதை. இரண்டு தொடர்களிலும் குளோஸ் என்ற பத்தி இருந்தால், இரண்டாவதன் பெயருக்குப் பின்னால் புள்ளியும் 1ம் ஒட்டிக்கொள்ளும். எது எங்கிருந்து வந்தது என்பதற்கு அந்த 1 பதில் சொல்லாது. ஒரு தொடரையும் அதையே ஒரு படி தள்ளிய வடிவத்தையும் சேர்த்தால் இது இன்னும் கடுமையாகிறது. அப்படித் தள்ளிய, அதாவது லேக் செய்த, பத்தியும் பழைய பெயரையே வைத்திருப்பதால், மெர்ஜுக்குப் பிறகு அதுவும் புள்ளி 1 ஆகிறது. தள்ளப்பட்டதா, வேறு கருவியா என்று பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது. எந்தப் பக்கம் தள்ளப்பட்டது என்பதும் தெரியாது; டிஎஸ்ஸிலும் ஜூவிலும் லேக் 1 என்றால் ஒரு திசை, எக்ஸ்டிஎஸ்ஸில் அதற்கு நேர் எதிர்த்திசை. இப்படிப்பட்ட இடத்தில் பெயர் தெளிவாக இருந்தே ஆக வேண்டும். சேர்ப்பதற்கு முன்பே ஒவ்வொரு தொடருக்கும் கருவி, அளவு, தள்ளிய படி மூன்றும் அடங்கிய பெயரை வைத்துவிடுங்கள். சேர்த்த பிறகு பெயர் மாற்றுவது ஆபத்து, ஏனென்றால் அப்போது பத்திகளின் இடவரிசையை நம்ப வேண்டியிருக்கும்.

பெயரில் இடைவெளி இருந்தால் மெர்ஜ் அதைப் புள்ளியாக்கும். எண்ணில் தொடங்கினால் முன்னால் எக்ஸ் என்ற எழுத்தைச் சேர்க்கும். உருவாக்கும்போது அமைதியாக ஏற்றுக்கொண்ட பெயரை முதல் மெர்ஜில் மாற்றிவிடுவது எனக்கு உடன்பாடில்லாத நடத்தை. அந்தச் சோதனையை நிறுத்த ஒரு வாய்ப்பு கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் கருவி எண்ணைப் பெயரின் தொடக்கத்தில் வைக்காமலிருப்பதே எளிய வழி. நியாயமாகச் சொன்னால், டிஎஸ் வகையில் இது இன்னும் மோசம். நான்கு ஐரோப்பியப் பங்குச்சந்தைக் குறியீடுகள் அடங்கிய மாதிரித் தரவோடு இன்னொரு தொடரை சிபைண்ட் வழியாகப் பக்கத்தில் இணைத்தால், ஒவ்வொரு பத்திப் பெயருக்கு முன்னாலும் மூலத் தொடரின் முழுப் பெயரும் வந்து ஒட்டிக்கொள்ளும். திரும்பத் திரும்பச் சேர்த்தால் பெயர் ரயில்பெட்டிகளாக நீண்டுகொண்டே போகும்.

நாள் தரவை மாதமாகச் சுருக்கும் டு.மன்த்லி செயற்கூறும் இப்படித்தான். 180 வரிசைகள் 6 ஆகின்றன, இண்டெக்ஸ் மாத வடிவத்துக்கு மாறுகிறது; எல்லாம் சரி. ஆனால் நாம் தற்காலிகமாக வைத்த மாறியின் பெயர் ஒவ்வொரு பத்திக்கும் முன்னொட்டாகிவிடுகிறது. பெயர் என்ன வேண்டும் என்று அங்கேயே சொல்லிவிட வழி உண்டு, சொல்லிவிடுங்கள். விலைத் தரவுக்கான குவான்ட்மாட் தொகுப்பில் பத்திப் பெயரில் குளோஸ் என்ற சொல் இருக்கிறதா என்று தேடித்தான் முடிவு விலையையே எடுக்கிறார்கள். பெயர் தவறினால் கணக்கே தவறும் இடம் அது. எக்ஸ்டிஎஸ்ஸைச் சுற்றி வளர்ந்த கருவிகள் பத்திப் பெயரை இவ்வளவு நம்பியிருக்கும்போது, மூலத் தொகுப்பு அதில் இன்னும் அக்கறை காட்டியிருக்க வேண்டும்.

யாருக்கு இது பொருந்தாது என்றும் சொல்ல வேண்டும். உள்ளே இருப்பது அணி என்பதால் எல்லாப் பத்திகளும் ஒரே வகையாக இருக்க வேண்டும். 'கருவி பழுது' என்று ஒரு பத்தியில் எழுத்துக் குறிப்பு சேர்த்தால், பக்கத்திலிருக்கும் எண்களும் எழுத்துகளாகிவிடும். வரிசைக்கு வரிசை குறிப்பு எழுதுகிறவர்கள் அதைத் தனி அட்டவணையில் வைத்து நேரத்தால் இணைக்க வேண்டும். முழுத் தொடருக்கும் பொதுவான தகவல், அதாவது அலகு, கருவியின் வகை போன்றவை என்றால், எக்ஸ்டிஎஸ்ஆட்ரிபியூட்ஸ் வழியாகத் தொடருடனேயே ஒட்டி வைக்கலாம். நூற்றுக்கணக்கான இடங்கள், ஒவ்வொன்றுக்கும் பல வகை அளவுகள் என்று தரவு கிளைவிடும்போது சிபிள் என்ற தொகுப்பு நன்றாக இருக்கும். அது நேரத்தையும் ஒரு சாதாரணப் பத்தியாக வைத்து, எந்தத் தொடர் என்பதை இன்னொரு பத்தியில் சாவியாக வைக்கிறது. வரிசைப் பெயர் என்ற பேச்சே அங்கே எழுவதில்லை.

வெளியே அனுப்பும் கட்டத்தில்தான் அதிகம் பேர் தேதியைத் தொலைக்கிறார்கள். ஆகவே கடைசியாக இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எக்ஸ்டிஎஸ் தொடரை டேட்டா ஃபிரேமாக மாற்றினால் நேரங்கள் எழுத்தாகி, வரிசைப் பெயர்களின் இடத்தில் போய் உட்காரும். அதை சிஎஸ்வி கோப்பாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பாக, எழுதினால் தேதிப் பத்திக்குத் தலைப்பே இருக்காது. திரும்பப் படிக்கும்போது அதற்கு எக்ஸ் என்ற பெயர் வந்து சேரும். நேர மண்டலமும் காணாமல் போயிருக்கும். இதற்குப் பதிலாக, இண்டெக்ஸை ஒரு பத்தியாகவும் கோர்டேட்டாவை மற்றப் பத்திகளாகவும் வைத்து நாமே டேட்டா ஃபிரேம் அமைக்கலாம். அல்லது ஜூ தொகுப்பின் ரைட்.ஜூவைப் பயன்படுத்தலாம், அது நேரப் பத்திக்குத் தலைப்புப் போட்டே எழுதும், தலைப்பு என்னவென்று நாம் சொல்லவும் செய்யலாம். நான் அந்தத் தலைப்பிலேயே நேர மண்டலத்தையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். ரீட்.ஜூ வழியாகத் திரும்பப் படிக்கும்போது அதே மண்டலத்தைக் கொடுத்தால், கடிகாரம் பின்னே போகும் இரவில் இருமுறை வரும் அந்த ஒரு மணி நேரத்தைத் தவிர, அனுப்பிய நேரமும் வந்த நேரமும் நொடி பிசகாமல் பொருந்துகின்றன.